நீல மின்னல் அடிப்பவன் நல்லவனா?

கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனால் சனிக்கிழமைப் பின்னேரங்களில் எனக்குத் தொலைக்காட்சி கிடைப்பதில்லை. மருமகன் பிடித்துவிடுவான். பதினான்கு வயது. பம்பலப்பிட்டியில் யாரோ பாவித்துக் கழித்த பிளேஸ்டேஷன் 3 ஒன்றை மலிவாக வாங்கி வைத்திருந்தான். அவனிடம் இருந்த கேம்களும் அந்தக் காலத்தவைதான். நான் சொல்லும் அந்தச் சனிக்கிழமை, 2022 தொடக்கத்தில், ‘இன்ஃபேமஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மின்சாரம் ஓடுகிற ஒரு சூப்பர் ஹீரோவின் கதை.

கூரை விளிம்பில் ஹீரோவை நிறுத்திவிட்டு மருமகன் விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் துப்பாக்கிக்காரர்கள் சனத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்டா சும்மா நிக்கிறாய்? இறங்கிக் காப்பாத்தன்.”

“பொறுங்கோ மாமா. சனம் விழட்டும். விழுந்தாப் பிறகு போய்ச் சுகப்படுத்தினாத்தான் பொயின்ற்ஸ்.”

ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். அதற்குப் பிறகு குதித்தான். சுட்டவர்களை ஒரு வழி பண்ணினான். விழுந்து கிடந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து, கையால் மின்சாரம் பாய்ச்சி எழுப்பினான். எழுப்ப எழுப்பத் திரையில் புள்ளி காட்டும் மானி நீலப் பக்கம் ஏறியது. அந்தக் கேமில் நீலம் என்றால் நல்லவன், சிவப்பு என்றால் கெட்டவன். ஹீரோவின் மின்னலும் அதற்கேற்ப நிறம் மாறும்.

“பாத்தீங்களா மாமா, நான் ஹீரோ.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா சமையலறையிலிருந்து, “அதெல்லாம் கேம்தானே, அதுக்குள்ள என்ன நல்லவன் கெட்டவன்” என்றா. இந்த இரண்டு பேச்சையும் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்று, மானி நீலமாக இருந்தால் ஹீரோ நல்லவன். மற்றது, கேமில் அறம் பேசுவதே வீண். இரண்டுமே பிழை என்பது என் கணிப்பு. ஏன் என்பதை, கேம் விளையாடாதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன்.

மிச்சக்காசும் மூன்று கேள்விகளும்

கேமை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் பஸ்ஸில் ஏறுவோம். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ். வெள்ளவத்தையில் ஏறி, புறக்கோட்டைக்கு டிக்கெட் எடுக்க 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறீர்கள். கொண்டக்டர் நெரிசலில் அதை 1000 ரூபாய் என்று நினைத்து, 500 ரூபாய் கூடுதலாக மிச்சம் தந்துவிட்டுப் பின்பக்கம் போகிறார். நீங்கள் அவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

செய்தது நல்ல காரியம். ஆனால் எதனால் நல்லது?

பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் சொல்லுவார்: “பாவம், இரவு கணக்குக் காட்டும்போது குறையிற காசு அந்த மனுசன்ட கையாலதான் போகும். நல்லகாலம், தப்பினார்.” இவர் பார்ப்பது, செயலால் யாருக்கு என்ன நடந்தது என்பதை. இதை விளைவுப் பார்வை என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொருவர் சொல்லுவார்: “என்ர காசு இல்லையெண்டா எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.” கொண்டக்டர் ஏழையோ பணக்காரரோ, இவருக்கு அது பொருட்டே இல்லை. செய்யலாம், செய்யக் கூடாது என்ற கோடுதான் முக்கியம். இது கடமைப் பார்வை.

மூன்றாமவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். யோசித்து, சுற்றிலும் பார்த்து, யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கொடுத்தீர்களா? அல்லது கை தானாக நீண்டதா? அவருக்கு இந்த 500 ரூபாயை விட நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதே பெரிது. இது குணப் பார்வை.

அறவியல், அதாவது எது நல்லது, ஏன் நல்லது என்று ஆராய்கிற துறை, இந்த மூன்று பார்வைகளையும் பெரிய பெரிய பெயர்களில் பல நூற்றாண்டுகளாகப் பேசிவருகிறது. பெயர்கள் நமக்குத் தேவையில்லை. மூன்றும் தமிழருக்குப் புதியவையும் அல்ல. கொழும்பில் கம்பன் விழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு வாலி வதையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மறைந்து நின்று அம்பு விட்டது சரியா? சுக்கிரீவனுக்கு வாழ்வு கிடைத்ததே என்பவர் விளைவைப் பிடித்துக்கொள்கிறார். போர் முறை மீறப்பட்டது என்பவர் கடமையைப் பிடித்துக்கொள்கிறார். இராமன் போன்ற ஒருவன் இதைச் செய்யலாமா என்று கலங்குபவர் குணத்தைப் பார்க்கிறார். நாயகனின் நல்லதனத்தை எடைபோடுவது நமக்குப் பழகிய வேலை. கேமில் மட்டும் அதை ஒரு மானியிடம் கொடுத்துவிட்டு விசுக்கோத்து சாப்பிடுகிறோம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒரே செயலை மூன்று விதமாகப் பார்க்கலாம். என்ன நடந்தது, கோடு தாண்டப்பட்டதா, செய்தவர் எப்படிப்பட்டவர். பல நேரம் மூன்றும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில்தான் பேச்சுத் தொடங்கும்.

மானிக்குள் இருப்பது என்ன

இப்போது அந்த நீல, சிவப்பு மானிக்கு வருவோம். கேம்காரர்கள் இதைக் கர்மா மானி என்பார்கள். வீரன் செய்கிற நல்லது கெட்டதைக் கணக்கு வைத்துக்கொள்ளும் எண். ஆம், வெறும் எண்தான். சுப்பர் மார்க்கெட்டில் தருகிற புள்ளி அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு வாங்கினால் இத்தனை புள்ளி, சவர்க்காரம் வாங்கினால் இத்தனை. அந்தப் பருப்பை அன்னதானத்துக்கு வாங்கினீர்களா, பதுக்கி வைத்து விற்க வாங்கினீர்களா என்று அட்டைக்குத் தெரியாது. பில்லில் வந்ததை மட்டும் அது எண்ணும்.

கர்மா மானியும் அப்படித்தான். கேமைச் செய்கிறவர்கள் முதலிலேயே சில செயல்களைத் தெரிவுசெய்து ஒவ்வொன்றுக்கும் விலை குறித்துவிடுகிறார்கள். சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கி 2009 இல் வெளிவந்த இன்ஃபேமஸை எடுத்தால், காயப்பட்டுக் கிடப்பவரைச் சுகப்படுத்தினால் கூடும். விழுந்த எதிரியைக் கொல்லாமல் மின் விலங்கு போட்டுத் தரையோடு கட்டினால் கூடும். வழிப்போக்கரின் உயிர்ச்சத்தை உறிஞ்சி உங்கள் உடம்பைத் தேற்றிக்கொண்டால் குறையும். எண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அடுத்த படி திறக்கும். படி ஏறினால் புதிய சக்திகள் கிடைக்கும். தெருச் சனமும் அதற்கேற்ப நடந்துகொள்ளும். நல்லவனாகப் போனால் படம் எடுப்பார்கள், உங்கள் எதிரிகள்மீது கல்லெறிவார்கள். கெட்டவனாகப் போனால் அதே கல் உங்கள்மீது வரும்.

விலை குறிக்கப்படாத செயல் மானியின் கண்ணில் படாது. மருமகன் கூரையில் நின்று காத்திருந்தானே, அதற்கு விலை இல்லை. “சும்மா நின்றான்” என்ற ஒன்று பட்டியலிலேயே கிடையாது. விழுந்தவரை எழுப்பியதற்கு மட்டும் விலை இருந்தது. ஆக, முன்கூட்டியே இறங்கி ஏழெட்டுப் பேரையும் விழாமல் தடுத்திருந்தால், எழுப்புவதால் கிடைக்கும் அந்தப் புள்ளிகள் அவனுக்குக் கிடைத்திருக்காது. தீயணைப்பு வீரருக்கு அணைத்த நெருப்பின் எண்ணிக்கைக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் ஊரில் என்ன நடக்குமோ, அதுதான் அந்தத் தெருவில் நடந்தது.

பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் மானியைச் சரியாகவே படித்திருக்கிறான். எதை எண்ணுகிறார்களோ அதைச் செய்கிறான். பரீட்சைக்கு வருகிற பாடத்தை மட்டும் படிக்கச் சொல்லித்தானே நாங்களும் வளர்த்தோம்.

இதே ஓட்டையைப் பிற கேம்களிலும் காணலாம். 2008 இல் வந்த ‘ஃபால்அவுட் 3’ சூப்பர் ஹீரோ கேம் இல்லை, ஆனால் அதிலும் கர்மா உண்டு. அதில் விரும்பினால் ஓர் ஊரையே அணுகுண்டால் அழிக்கலாம். கர்மா பாதாளத்துக்குப் போகும். பிறகு வேறோர் ஊர் வாசலில் கையேந்தி நிற்பவருக்குச் சுத்தமான தண்ணீர்ப் போத்தல்களாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். கூட்டல் கழித்தல் சரிதான். செத்தவர்கள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

ஆக, மானி நல்லதனத்தை அளக்கவில்லை. விலை குறித்த செயல்களை எண்ணுகிறது. மனதில் என்ன இருந்தது, எதைச் செய்யாமல் விட்டார் என்பவை அதற்குள் போவதில்லை.

ஆறு மருத்துவர்களும் ஒரு காதலியும்

இன்ஃபேமஸின் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பழைய கேம், முடிவைச் சொன்னேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

கோல் மக்கிராத் என்பவன் சைக்கிளில் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளி. ஒருநாள் அவன் கொண்டுபோன பொதி நடுநகரில் வெடிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சாகிறார்கள், அவன் மட்டும் மின்சக்தியோடு எழும்புகிறான். நகரத்தை வெளியுலகிலிருந்து அடைத்துவிடுகிறார்கள். பசி, நோய், கொள்ளை. கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வானத்திலிருந்து உணவுப் பொதி வந்து விழுகிறது. கூடியிருக்கும் சனத்தோடு பகிரலாம். அல்லது சிலரை மின்னலால் அடித்து விரட்டிவிட்டு உங்களுக்கும் நண்பர்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு விடியற்காலை வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும். என் அக்கா கூட அதைப் பார்த்துவிட்டு, “அடிச்சிட்டோ எடுப்பான்?” என்று கரண்டியோடு வந்து நின்றா.

இந்த இடத்தில் எதைச் செய்வது நல்லது என்று யாருக்கும் சந்தேகம் வராது. மூன்று பார்வைகளும் ஒரே பக்கம் கைகாட்டும். சிக்கல் பின்னால் வருகிறது.

கோலின் காதலி திரிஷ் என்பவளை வில்லன் ஒரு கட்டடத்தில் தொங்கவிட்டிருக்கிறான். இன்னொரு கட்டடத்தில் ஆறு மருத்துவர்கள் தொங்குகிறார்கள். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு பக்கத்துக்குத்தான் போகலாம். மருத்துவர்களிடம் போனால் நீலம், காதலியிடம் போனால் சிவப்பு.

கேம் இங்கே கூச்சமில்லாமல் விளைவுப் பார்வையை எடுத்துக்கொள்கிறது. ஆறு உயிர் ஒன்றைவிடப் பெரிது; அதுவும் மருத்துவர்கள், இன்னும் பலரைக் காப்பார்கள். கணக்கு சரி. ஆனால் தன்னை நேசித்தவளுக்கு ஒருவன் கடமைப்பட்டவன் இல்லையா? எரிகிற வீட்டுக்குள் ஓடித் தன் மனைவியைத் தூக்கி வருபவனை ஊரில் யாராவது கெட்டவன் என்பார்களா? சிவப்பு மின்னல் அவனுக்குப் பொருந்துமா? எனக்குப் பொருந்தவில்லை. ஆறு பேரிடம் போவதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். காதலியிடம் போனவனை, உணவைப் பறித்தவனோடு ஒரே நிறத்தில் சேர்ப்பதைத்தான் ஒப்ப முடியவில்லை. துயரமான பிழை ஒன்று, கயமை இன்னொன்று. இரண்டுக்கும் மானியில் ஒரே சிவப்பு.

அதற்கு மேலும் ஒரு திருகல் உண்டு. காதலியைத் தெரிவுசெய்தால், காப்பாற்றப்பட்டவள் திரிஷே இல்லை என்று பிறகு தெரியவரும். அவள் அந்த மருத்துவர்களோடு தொங்கியிருக்கிறாள். மருத்துவர்களிடம் போனாலோ, தனியே தொங்கியவள் திரிஷேதான். எந்தப் பக்கம் போனாலும் அவள் சாகிறாள். கேம் செய்தவர்கள் விளைவைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு விட்டது எண்ணத்தை மட்டும். விந்தை என்னவென்றால், மானிக்குப் படிக்கத் தெரியாத ஒரே விஷயமும் எண்ணம்தான்.

ஒரே ஒரு தெரிவு

கர்மா மானி உள்ள கேம்களை நிறைய விளையாடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “முதல் தரம் நல்லவனா விளையாடுவன், ரெண்டாந்தரம் கெட்டவனா” என்பார்கள். காரணம் இருக்கிறது. இன்ஃபேமஸில் பெரிய சக்திகள் இரண்டு நுனிகளில்தான் இருக்கின்றன. நடுவில் நின்று, இன்று இரக்கம் நாளை கோபம் என்று சாதாரண மனிதனைப் போல நடந்தால் சக்தி குறைந்த ஆளாக அலைய வேண்டியதுதான்.

ஆகவே விளையாடுபவர் தொடக்கத்திலேயே நிறத்தைத் தீர்மானித்துவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சந்தியிலும் எது சரி என்று அவர் யோசிப்பதில்லை. எது நீலம் என்று மட்டும் பார்க்கிறார். ஹீரோ ஐம்பது முறை நன்மையைத் தெரிவுசெய்த மாதிரித் தெரியும். உண்மையில் தெரிவு ஒன்றுதான், அதுவும் கேம் தொடங்கிய முதல் நாளிலேயே முடிந்துவிட்டது.

பார்வையற்ற வியாபாரியிடம்

எல்லாக் கேமும் இவ்வளவு மொட்டையாகச் செய்வதில்லை. 1985 இல் வந்த ‘அல்டிமா 4’ என்ற பழைய கணினிக் கேம் எனக்கு இந்த விஷயத்தில் இன்றும் ஆசான். ரிச்சர்ட் காரியட் என்பவர் செய்தது. அதற்கு முந்திய பாகங்களில் கடையில் திருடியாவது பலம் சேர்த்து அரக்கனைக் கொன்றால் வெற்றி. நான்காம் பாகத்தில் கொல்வதற்குப் பெரிய வில்லனே கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி, உலகத்துக்கு முன்மாதிரியான ஒருவராக ஆவதுதான் இலக்கு. இன்றைய சூப்பர் ஹீரோக்களுக்குத் தாத்தா என்றே சொல்லலாம்.

அதில் மூலிகைப் பொருள் விற்பவர்கள் கண்பார்வை இல்லாதவர்கள். விலையைச் சொல்லுவார்கள், நீங்கள் கொடுக்கும் தொகையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது, திரையில் மானியும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் உள்ளுக்குள் எண் குறைந்திருக்கும். அரண்மனையில் இருக்கும் ஒரு ஞானியிடம் போய்க் கேட்டால்தான் உங்கள் நிலை என்னவென்று ஓரளவு தெரியும்.

அடியில் இதுவும் எண்தான், அதை மறைக்கப் போவதில்லை. செயல், விலை, கூட்டல், கழித்தல் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் எண்ணைக் கண்ணில் காட்டாமல் விட்டதும் ஆட்டம் மாறுகிறது. புறக்கோட்டை நெரிசலில் மிச்சக்காசு கூடிவந்த கையோடு நிற்பவரின் நிலைக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள். முதல் தரம் விளையாடியபோது நான் இரண்டு தடவை குறைத்துத்தான் கொடுத்தேன். மூன்றாம் தடவை விரல் போகவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை.

பொத்தான் இல்லாத நன்மை

இன்னொரு வகை இருக்கிறது. மானியும் இல்லை, தெரிவும் இல்லை. ஹீரோ நல்லவன், முடிந்தது கதை.

பேட்மேன் கொல்ல மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கடமைக் கோடு. 2009 இல் வந்த ‘ஆர்க்கம் அசைலம்’ கேமில் கொல்வதற்கென்று ஒரு பொத்தானே இல்லை. எத்தனை பேரை எப்படி அடித்தாலும், பேட்மேனின் துப்பறியும் கண்ணாடி வழியே பார்த்தால் ஆள் மயக்கம் என்றே காட்டும். அதே வரிசையில் 2015 இல் வந்த பாகத்தில் பேட்மேனுக்கு ஒரு கார் கிடைக்கிறது. அந்தக் காரால் முழு வேகத்தில் ஆளை இடித்தால், இடிபடுவதற்கு முன் மின்னதிர்ச்சி ஒன்று அவரைத் தள்ளிவிடுவதாகக் காட்டுகிறார்கள். நானும் ஒரு பின்னேரம் முழுக்க முயன்று பார்த்தேன், அறிவியல் ஆர்வத்தில். ஒருவரும் சாகவில்லை.

2018 இல் வந்த ஸ்பைடர்மேன் கேமும் இதே இனம். கூரையிலிருந்து ஒருவனைத் தூக்கி எறிந்தால், அவன் தரைக்குப் போகமாட்டான். போகிற வழியில் வலை ஒன்று தானாகப் பிடித்துச் சுவரோடு ஒட்டிவிடும். எறிந்தது நீங்கள். நல்லவனாக இருந்தது கேம்.

ஆகவே இப்படிப்பட்ட ஹீரோவின் நல்லதனத்தை எடைபோடும்போது, விளையாடுபவரின் விரல்கள் செய்ததைச் சேர்க்கக் கூடாது. எழுதியவர்கள் அவனுக்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஸ்பைடர்மேன் கேமின் முடிவில், ஆபத்தான தொற்று ஒன்றுக்கு மருந்து கிடைக்கிறது. வளர்த்த மே மாமி சாகக் கிடக்கிறா. கிடைத்ததை அவவுக்குக் கொடுத்துவிட்டால், ஊருக்கெல்லாம் மருந்து பெருக்கச் சரக்கு மிஞ்சாது. ஸ்பைடர்மேனான பீட்டர் அவவைப் போக விடுகிறான். மருத்துவர்களும் காதலியும் என்ற அதே சிக்கல்தான். ஆனால் இங்கே எந்தப் பக்கம் போகவேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீலமும் ஏறவில்லை. கட்டிலோரத்தில் அவன் அழுவதை மட்டும் பார்க்கிறோம். சரியானதைச் செய்த பிறகும் ஒருவனுக்கு வலிக்கிறது என்பதை இன்ஃபேமஸின் மானி ஒருபோதும் காட்டவில்லை.

ஒரு சின்னக் கதை இடையில். அதே கேமில் தெருவில் போகிற சனத்துக்குக் கையசைக்கலாம், கையில் கை தட்டலாம். சண்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆஹா, விலை குறிக்காத ஒரு நற்செயல் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பத்துப் பேருக்குச் செய்ததும், கேம் தருகிற பரிசுக் கோப்பை ஒன்று திரையில் வந்து விழுந்தது.

சுருக்கினால், இரண்டு வகை ஹீரோக்கள் உண்டு. ஒருவனின் நல்லதனத்தை விளையாடுபவர் செய்கிறார், மானி எண்ணுகிறது. மற்றவனுடையதை எழுத்தாளர்கள் செய்கிறார்கள், நாம் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் நிறுவை பிழைக்கும்.

கூத்தாடியா அண்ணாவியாரா

அக்கா கேட்ட கேள்வி மிச்சமிருக்கிறது. கேம்தானே?

நாட்டுக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவரை யாரும் கெட்டவர் என்பதில்லை. பாட்டும் ஆட்டமும் அண்ணாவியார் பழக்கியவை. அவர் ஆடினார், அவ்வளவுதான். ஸ்பைடர்மேன் கேமில் விளையாடுபவர் பெரும்பாலும் இந்தக் கூத்தாடிதான். ஆனால் இன்ஃபேமஸில் அண்ணாவியார் சந்திக்குச் சந்தி கூத்தை நிறுத்தி, “இப்ப அடிக்கிறியா, விடுறியா, நீயே சொல்லு” என்று கேட்கிறார். கேட்ட பிறகு வருகிற செயலில் ஆடுபவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

பங்கு என்றால் குற்றம் இல்லை. திரையில் செத்தவர் யாரும் இல்லை. கெட்டவனாக விளையாடுகிற பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. கதையில் கெட்டவனாக இருந்து பார்ப்பதும் ஒரு வகை அறிதல். நான் சொல்வது சின்ன விஷயம்: கோல் கூரையில் காத்திருந்ததைக் கோலின் குணமாகச் சொல்லக் கூடாது, கதையில் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. காத்திருந்தது மருமகன். மருமகனைக் காத்திருக்க வைத்தது மானி. இந்த மூன்று பேரையும் பிரித்தால்தான் ‘ஹீரோ நல்லவனா’ என்ற கேள்விக்கே பொருள் வரும்.

எடைபோடுவது எப்படி

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மானியைக் கையால் மறைத்துக்கொள்வேன். சில நேரம் நிசமாகவே. பிறகு மிச்சக்காசுக் கேள்விகள் மூன்றையும் கேட்பேன். அவன் செய்ததால் யாருக்கு என்ன ஆனது, தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டினானா, எப்படிப்பட்ட ஆளாகத் தெரிகிறான். மூன்றும் ஒரே பதில் தந்தால் சந்தோசம். தராவிட்டால் அந்த இடத்தைத்தான் கவனமாகப் பார்ப்பேன்.

ஆனால் எனக்கு மிகவும் உதவுகிற கேள்வி வேறு. இதைச் செய்ததற்கு அவனுக்கு எதுவும் கிடைக்காமல் இருந்திருந்தால்? புதிய சக்தி இல்லை, கைதட்டல் இல்லை, கோப்பை இல்லை. அப்போதும் செய்திருப்பானா என்று கதையில் ஒரு தடயமாவது இருக்கிறதா என்று தேடுவேன். அப்புறம், எதைச் செய்யாமல் விட்டான் என்பதையும். சூப்பர் ஹீரோவுக்கு இந்த இரண்டாவது முக்கியம், ஏனென்றால் அவனால் முடியும். என்னைப் போன்ற ஆள் துப்பாக்கிக்காரன் முன் இறங்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கையில் மின்னல் வைத்திருப்பவன் கூரையில் நின்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

இதையெல்லாம் மருமகனிடம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவான். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டினார்கள். ஒருநாள் கோலும் கேமுக்குள் மின்சாரம் இல்லாத பகுதியொன்றில் சக்தி வற்றித் தள்ளாடிக்கொண்டிருந்தான். சரியாக அந்த நேரம் வீட்டிலும் கரண்ட் போயிற்று. இருட்டுக்குள் மருமகன் மட்டும் சிரித்தான். கரண்ட் திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. சேமித்த கோப்பு பழுதாகிவிட்டது. நீலத்தில் கடைசிப் படிவரை போயிருந்தவன் மறுபடி வெறும் கோலாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த இருட்டு நேரங்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில், மிச்சக்காசுக் கதையைச் சொன்னேன். கூரையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொல்லாமல் மெழுகை நோண்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது விளையாடிக்கொண்டிருந்தான். அதே மாதிரிக் கூரை, கீழே அதே துப்பாக்கிக்காரர்கள். நான் உட்காருவதற்குள் குதித்துவிட்டான். முதலாவது ஆள் துப்பாக்கியை உயர்த்தும்போதே விழுந்தான், அடுத்தவனைத் தரையோடு கட்டினான். சனம் சிதறி ஓடியது. யாரும் விழவில்லை.

விழுந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். இல்லை. மானியைப் பார்த்தான்.

“இப்பிடிப் போனா நீலம் ஏற நாளாகும் மாமா.”

“ஓம், நாளாகும்தான்” என்றேன். அவன் அடுத்த கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தான்.